ஒரே மைக்கை இரண்டு மிக்சருக்குப் பிரிக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் கச்சேரிகளில் வித்வானின் முகமே தெரியாத அளவுக்கு மைக்குகளை அடுக்கிவிடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பழியை மைக் செட்காரர்கள் தலையில் போட்டுவிட்டார். அப்பா குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்திலிருந்து கும்பகோணம், குடவாசல் பக்கம் இதே தொழிலில் இருக்கிறோம். அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடகர் முன்னால் இருப்பவற்றில் எங்கள் மைக் ஒன்றே ஒன்றுதான். மற்றவை உள்ளூர் கேபிள் டிவி, யூடியூப் நேரலை, வீடியோக்காரர் என்று ஆளுக்கொன்று. எங்கள் ஸ்டாண்டிலேயே டேப் சுற்றி ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது உருப்படி வருவதற்குள் ஸ்டாண்டு தலை குனிந்திருக்கும்.

"உங்க மிக்சர்லேர்ந்து ஒரு அவுட் குடுத்துட்டா முடிஞ்சுதே" என்பார்கள் கமிட்டியார். மிக்சர் என்பது எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி; அதில் கலந்த ஒலியை அப்படியே கேட்கிறார்கள். முடியாது. நாதஸ்வரக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன மண்டபத்தில் தவிலுக்கு மைக்கே வேண்டாம், அது தானாகவே தெருக்கோடி வரை கேட்கும். ஸ்பீக்கரில் அதை அநேகமாக மூடியே வைத்திருப்போம். அந்தக் கலவையை அப்படியே நேரலைக்குக் கொடுத்தால், சிங்கப்பூரில் கேட்கிறவருக்கு, தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தாளக்காரரின் ஜால்ரா சத்தம் மட்டும்தான் மிஞ்சும். அவர்கள் வேலைக்கு அவர்களுக்கென்று தனி மிக்சர் வேண்டும், மைக் சிக்னல் பொதுவாக இருந்தால் போதும்.

மைக்கை இப்படிப் பிரிக்கப் பெரிய செலவெல்லாம் இல்லை. எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று பின் மைக் பிளக்கில் பெண் ஒன்று, ஆண் இரண்டு, கொஞ்சம் ஷீல்டு ஒயர் (மேலே கம்பி வலை சுற்றிய ஒயர்). ஒன்றாம் பின்னை ஒன்றோடும், இரண்டை இரண்டோடும், மூன்றை மூன்றோடும் சேர்த்துப் பற்றவைத்தால், ஒன்று இரண்டாகப் பிரியும் ஒய் கேபிள் தயார். ஒரு மைக்குக்குச் சில நூறு ரூபாய். நாம் வைக்கும் சாதாரண டைனமிக் மைக்கின் இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, சில நூறு ஓம்தான். மிக்சரின் உள்ளீடு பொதுவாக ஆயிரத்தைந்நூறு ஓமுக்கு மேல் இருக்கும். அதனால் இரண்டு மிக்சரை மைக் சுமந்துவிடும், மிக்சரில் மைக் ஒலியைக் கூட்டும் கெயினைக் கொஞ்சம் ஏற்றினால் சரி. மூன்று, நான்கு என்று போனால் ஒலி மங்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: மைக்கைப் பிரிக்கத்தான் இந்தக் கேபிள். இதையே தலைகீழாகச் செய்து இரண்டு மைக்கை ஒரே சேனலில் நுழைப்பவர்களும் இருக்கிறார்கள், அது தவறு.

வயலினுக்குக் கண்டென்சர் மைக் வைத்தால் அதற்கு 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே மிக்சர் கொடுக்கும் மின்சாரம், வேண்டும். அதை ஒரே ஒரு மிக்சர்தான் கொடுக்க வேண்டும், அது எங்கள் மிக்சராக இருப்பது நல்லது. போன வைகாசியில் ஆடுதுறைப் பக்கம் ஒரு கோயிலில், கச்சேரி பாதியில் வந்த வீடியோக்காரர் ஒருவர் யாரிடமும் கேட்காமல், 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்த வயலின் மைக்கின் ஒய் கேபிளில் மறுமுனையைத் தன் மிக்சரில் செருகினார். ஸ்பீக்கரில் விழுந்த சத்தத்தில், அதிர்வேட்டு போட்டுவிட்டார்கள் என்று முன்வரிசைப் பாட்டிகள் வானத்தைப் பார்த்தார்கள். வித்வான் என்னைப் பார்த்தார்.

அப்புறம் இந்த உறுமல். நாங்கள் ஜெனரேட்டரில், நேரலைக்காரர்கள் கோயில் ஈபி லைனில் என்றால் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வருவது சகஜம். இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஓடும் மின்னோட்டம் மைக் கேபிளின் ஷீல்டு வழியாகப் போகிறது. இரண்டு மிக்சருக்கும் ஒரே போர்டில் கரண்ட் எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் அவர்கள் பக்கம் போகும் கிளையில் மட்டும், ஷீல்டு சேரும் ஒன்றாம் பின்னின் இணைப்பை வெட்டிவிடலாம். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் ஒடிக்க வேண்டாம். மார்கழிப் பனியில் நனைந்த பந்தல் தரையில் நின்று மைக்கைப் பிடிப்பவர் ஒரு மனிதர்.

காசு கொஞ்சம் கூடப் போடலாம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்ப்ளிட்டர் பெட்டி வாங்கலாம். நேர் கிளை எங்களுக்கு, டிரான்ஸ்ஃபார்மர் கிளை அவர்களுக்கு. எர்த் பிரிந்துவிடும், பேண்டமும் அந்தப் பக்கம் தாண்டாது. ஆனால் மலிவான டிரான்ஸ்ஃபார்மர், தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்து அடியில் கரகரக்கும், வாங்கும் முன் அதை வைத்தே சோதித்துப் பார்க்க வேண்டும்.

திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்னம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரலையாகப் போகிறது. அந்த வசதியெல்லாம் நம் ஊர்க் கோயில்களுக்கு வராது. எங்களுக்கு வேண்டியது இரண்டே விஷயம். நேரலைக்கு அனுமதி கொடுக்கும்போதே கமிட்டியார் அந்த ஆளிடம் மைக் செட்காரரின் நம்பரைக் கொடுக்கட்டும். அவர் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால், தன் கேபிளோடு வரட்டும். கிளைக் கேபிளை நாங்களே கொண்டுவருகிறோம், அதற்குத் தனி வாடகை கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
மைக் செட் உரிமையாளர் ஒருவர்,
திருவிடைமருதூர்.