புனித வின்சென்ட் தே பவுல் சபை, நம் பங்குக் கிளை: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அண்ணாச்சி அவர்களே, சபையின் சகோதர சகோதரிகளே,

ஆண்டவருக்கு நன்றி சொல்லி, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஞாயிறு முதல் திருப்பலி முடிந்து நடக்கும் வாராந்தரக் கூட்டம், குருத்து ஞாயிறும் உயிர்ப்பு ஞாயிறும் நீங்கலாக, தடையில்லாமல் நடந்தது. ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டுகள், பனிமய மாதா திருவிழா நடந்த ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடைபயணமாய் வந்தவர்களுக்கு மோர், நவம்பர் 16 வறியோர் உலக நாளில் நம் சபை தத்தெடுத்து உதவும் குடும்பங்களோடு ஒரே பந்தியில் மதியச் சாப்பாடு. எல்லாம் நீங்கள் கூட நின்று செய்தவை, விரிக்கவில்லை.

நோயாளர் சந்திப்பைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கதையும் வரும். செயலாளர் தன்னைப் பற்றி அறிக்கையில் எழுதுவது நம் வழக்கமில்லை. தலைவர் அண்ணாச்சிதான் எழுதச் சொன்னார்.

ஜனவரியில் எனக்கு டயாலிசிஸ் தொடங்கியது, செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷின் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. செவ்வாய், வெள்ளி, தடவைக்கு நான்கு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் எழுந்து உட்காரத் தெம்பிருக்காது. டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா போட்ட இடது கையில் ஒரு பையைக்கூட மாட்டக் கூடாது. அரிசி தூக்க முடியாதவன், படியேற முடியாதவன், இல்லச் சந்திப்புக்கு எதற்கு? தவக்காலத்து முதல் ஞாயிறு, மார்ச் 9 அன்று, விலகல் கடிதம் எழுதிக்கொண்டு போனேன்.

அந்த வாரங்களில் கூட்ட முடிவில் திருத்தந்தை பிரான்சிசுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். பிப்ரவரி 14 முதல் அவர் மருத்துவமனையில் இருந்தார். மார்ச் 6ஆம் தேதி அவர் பேசிய பதிவை வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தில் ஒலிக்கவிட்டார்கள். தமக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கு, மூச்சு வாங்க வாங்க நன்றி சொன்ன குரல். தலைவர் அண்ணாச்சி என் கடிதத்தைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அந்தக் குரலை நீயும் கேட்டியேப்பா. மூட்டை தூக்க ஆள் இருக்கு. நீ வந்து உட்காரு" என்றார். அப்புறம் இன்றுவரை அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சரி, இப்போது பழப் பை. நோயாளி யாராக இருந்தாலும் நம் சபை பல ஆண்டுகளாக ஒரே பையைத்தான் கொடுத்துவந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு ஆரஞ்சு, ஒரு இளநீர். அன்போடுதான் கொடுத்தோம். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர் உடம்பிலிருந்து இவற்றில் இருக்கும் பொட்டாசியம் சரியாக வெளியேறாது. இரத்தத்தில் அது ஏறிவிட்டால் இதயத் துடிப்பே நிற்கலாம். டயாலிசிஸ் வார்டில் என் கையில் உணவுத் தாளைக் கொடுத்து விளக்கியபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. அதுவரை அந்தப் பையை வீடு வீடாகக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். இப்போதும் நினைத்தால் மனசு பதறுகிறது.

மே மாதம் வழக்கத்தை மாற்றினோம். என்ன சாப்பிடலாம் என்று வீட்டாரிடம் கேட்ட பிறகுதான் வாங்குகிறோம். சிறுநீரக நோயாளி என்றால் இரண்டு ஆப்பிள், மீதிப் பணம் வண்டிச் செலவுக்கு. டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்துவிடுகிறது. நோயாளியும் துணைக்கு ஒருவரும் வந்துபோகும் செலவும், அன்றைக்கு இருவருக்கும் போகும் கூலியும்தான் குடும்பத்தைச் சாய்க்கின்றன. கூட்டத்தில் சுற்றிவரும் இரகசியக் காணிக்கைப் பையிலிருந்து இதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறோம்.

ஆகஸ்டில் வார்டுக்கு ஒரு தம்பி வந்தான், கடல் தொழில் செய்கிறவன். கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். கையில் பிஸ்டுலா போட வேண்டும் என்று சொன்னதற்குப் பயந்து நாள் கடத்திக்கொண்டிருந்தான். வலை இழுக்கிற கை போய்விடுமோ என்ற பயம். ஆறுதலாக ஏதாவது சொல்லப் பார்த்தேன், ஒரு வசனமும் வாயில் வரவில்லை. அவன் விரலைப் பிடித்து என் இடது கையில் வைத்தேன். இரத்தம் பாயும் இடத்தில், கூட்டுக்குள் தேனீ இரைவது மாதிரி ஓர் அதிர்வு இருக்கும்.

"இது நிக்காம ஓடுதா, அண்ணாச்சி?"

"ஓடுது. காலையில முழிச்சதும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் எழும்புவேன்."

கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. எங்களுக்குத் தண்ணீரும் அளவுதான். தாகம் எடுத்தால் என்ன செய்வீங்க என்று அப்புறம் கேட்டான். ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வேன் என்றேன். மறுமாதம் பிஸ்டுலா போட்டுக்கொண்டான். கனமான வேலைக்கு அந்தக் கை இனி ஆகாது என்பதையும் மறைக்காமல்தான் சொன்னேன்.

செப்டம்பர் 9, அருளாளர் பிரெடரிக் ஓசனாம் திருநாள், செவ்வாயில் வந்தது. நீங்கள் இங்கே திருப்பலியில், நான் அங்கே மெஷினில். 1833இல் பாரிசில், 20 வயது மாணவராக நண்பர்களோடு நம் சபையைத் தொடங்கியவர். 40 வயதில், 1853இல் மார்செய் நகரில் சிறுநீரக நோயால் இறந்தார். எத்தனையோ வருடம் அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறேன், அவர் என்ன நோயில் போனார் என்று அன்றுதான் நினைத்தேன். டயாலிசிஸ் இல்லாத காலம் அது. தன் உடலில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை வேண்டினார் புனித பவுல். "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. நான் மூன்றுக்கு மேலேயே வேண்டிவிட்டேன். முள் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் அந்த வார்டில் என்னைத் தேடும் முகங்களும் இருக்கின்றன.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். வாடகை கட்ட முடியாமல் தவித்த ஒரு தாயின் விண்ணப்பம் அக்டோபரில் வந்தது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தோம். போனபோது வீடு பூட்டியிருந்தது. எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இனி இப்படி வரும் விண்ணப்பத்துக்கு மறுநாளே இருவர் போவது என்று தீர்மானம் எடுத்திருக்கிறோம்.

செவ்வாய், வெள்ளி காலை ஐந்து மணிக்கு நோயாளிகளை வண்டியில் கொண்டுபோய்விட ஆள் தேவை. நம் பங்கில் இப்போது என்னையும் சேர்த்து மூன்று பேர் போகிறோம். முடிந்தவர்கள் திருப்பலி முடிந்து பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இறை அன்பில்,
செயலாளர்