வில்லு தரிசு அல்ல

ஆசிரியருக்கு,

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே, சோமாவதி பக்கத்து மகாவலி வில்லுகளை, அதாவது மாரியில் ஆற்று வெள்ளம் நின்று கோடையில் வடியும் புல்நிலங்களை, ‘சும்மா கிடக்கிற அரச காணி’ என்று சொல்பவர்கள், அநேகமாக ஆடி ஆவணியில் போய்ப் பார்த்தவர்கள். அப்போது கட்டைப்புல்லும் வெடித்த களியும்தான் தெரியும். மார்கழியில் அதே இடத்தில் வெள்ளம் நிற்கும். வெள்ளம் விட்டுப்போகும் வண்டலே அந்தப் புல்லுக்கு உரம். நீர் வடிய வடிய ஈர விளிம்பில் புதுப்புல் துளிர்க்கும்; விளிம்பு உள்வாங்க, யானையும் மரையும் எருமையும் அதன் பின்னாலேயே இறங்கும். சுற்றுக்காடு காய்ந்த மாதங்களில் அவற்றின் வயிறு நிரம்புவது இங்கேதான்.

இதைக் கெடுக்க முழுவதையும் டோசர் போட்டுத் தள்ள வேண்டியதில்லை, குறுக்கே ஒரு மண்வீதி போதும். மதகு போதாவிட்டால் மேல்பக்கம் நீர் தேங்கி ஆற்றுவாழை, சல்வீனியா என்ற மிதக்கும் களைகள் மூடும். கீழ்ப்பக்கம் வெள்ளம் எட்டாமல் பற்றை ஏறும். புல் இரண்டு பக்கமும் போய்விடும். மேலே பொல்கொல்லை, விக்டோரியா அணைகள் வந்தபின் வெள்ளம் ஏற்கெனவே குறைந்துதான் வருகிறது.

ஆட்காட்டிக் குருவியையும் சொல்ல வேண்டும். அது கூடு பின்னுவதில்லை. வெறுந்தரைப் பள்ளத்தில், ஓரத்தில் சிறு கல்லும் காய்ந்த சாணித் துண்டும் கிடக்க, களிநிறத்தில் கரும்புள்ளியிட்ட நான்கு முட்டை இடும். காலடியில் இருந்தாலும் நமக்கே தெரியாது. உழவு இயந்திரத்துக்கு எங்கே தெரியப்போகிறது?

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான 1993ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி 50 ஹெக்டேயருக்கு மேல் காணி துப்புரவாக்குவதும், 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவதும் சுற்றாடல் அனுமதி நடைமுறைக்குள் வரும். காணியைத் துண்டு துண்டாகக் கேட்டால் இந்த அளவு எட்டாது. ஆகவே பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைப் பிரதேச செயலகம் சேர்த்தே கணக்கிட வேண்டும். தேசியப் பூங்கா போன்ற தேசிய ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து 1 மைலுக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியும் தேவை.

இந்த நடைமுறையில் தயாராகும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு இருக்கும். யாரும் கருத்து எழுதலாம். கையில் எடுத்ததும் கள ஆய்வு நடந்த மாதத்தைப் பாருங்கள். கோடை மட்டும் இருந்தால் மாரி ஆய்வு எங்கே என்று கேளுங்கள். பிறகு மதகின் அடிமட்டம். அது வில்லின் தரைமட்டத்துக்கு மேலே இருந்தால், எத்தனை மதகு வைத்தாலும் வடியவேண்டிய கடைசித் தண்ணீர் வடியாது. மின்வேலி இருந்தால், கோடையில் யானை இறங்கும் வழி வரைபடத்தில் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் யானை வயலுக்குத்தான் வரும்.

வாசகர்,
மூதூர்.