வார்டிலிருந்து வாடகை வீட்டுக்கு

ஐயா,

குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் எவரையும் மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அப்படி வெளியே வருபவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாடகை வீட்டில் வாழலாம் என்பதை ‘தி பான்யன்’ என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2015 முதல் செய்துகாட்டி வருகிறது.

வெளியே வந்தபின் சறுக்குவது பெரும்பாலும் மாத்திரையில்தான். கொடுத்தனுப்பியது தீர்ந்ததும், பக்கத்து அரசு மருத்துவமனையில் அதே மருந்து இருக்காது. லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுபவருக்கு அதன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் விட்டுப்போகும். அனுப்பும் முன்பே அங்கே பெயர் பதிந்து, மருந்தின் பொதுப்பெயரும் (கம்பெனி வைத்த பெயரல்ல) அளவும் எழுதிய சீட்டைக் கையில் தர வேண்டும். ஆதாரும் வங்கிக் கணக்கும் வார்டிலேயே முடியட்டும். பிறகென்றால் முகவரிச் சான்று கேட்டே அலையவிடுவார்கள்!

காஸ் அடுப்பு பற்றவைப்பது, மீதிச் சில்லறை எண்ணுவது, கதவை உள்ளிருந்து தாழிடுவது எல்லாம் வார்டில் நெடுநாள் இருந்த இவர்களுக்கு விட்டுப்போன பழக்கங்கள். முதல் மாதமாவது இரவிலும் ஓர் உதவியாளர் உடன் தங்க, அரசு சம்பளம் ஒதுக்க வேண்டும்.

மனநல சமூகப் பணியாளர்கள் சிலர்,
சென்னை