நாற்காலியைவிட்டு என்னை எழவிடாதவர்களுக்கு

31 வாரத்தில் 1,460 கிராம் எடையோடு பிறந்த எங்கள் மகன் இப்போது நான்கு கிலோவைத் தாண்டிவிட்டான். மருத்துவமனையிலிருந்து சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்தபோது இரண்டு கிலோதான். கங்காரு பராமரிப்பை வீட்டிலும் விடாமல் தொடரச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளையை வெற்று மார்பில் அணைத்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்படி உட்கார்ந்திருப்பவளால் உலை வைக்க முடியாது, துணி துவைக்க முடியாது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டவர்களுக்கே இந்த மடல்.

முதலில், பச்சிளங்குழந்தைப் பிரிவின் தாதிக்கு. டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட பிள்ளையை என் மார்பில் நிமிர்த்தி வைத்து, கால்களைத் தவளைபோல் மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, முகவாய் நெஞ்சில் மடங்காதபடி துணியைக் கட்டினீர்கள். உடனே அவிழ்த்துவிட்டு, "இப்போது நீங்கள்" என்றீர்கள். ஆறு முறை! அன்று எரிச்சலாக இருந்தது. வீட்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு என் கை தடுமாறாமல் முடிச்சுப் போட்டபோதுதான் அருமை புரிந்தது. "கண் சொக்கினால் தொட்டிலில் கிடத்திவிடுங்கள், சோபாவில் சாய்ந்து உறங்கிவிடாதீர்கள்" என்ற உங்கள் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அத்தை, "இத்தனை மெஷின் இருக்கும் சிங்கப்பூரில் இது எதற்கு? கைச்சூடு பழகிவிடுமே" என்றீர்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை இது என்றும், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை செய்யும்படி உலகச் சுகாதார நிறுவனமே 2022இல் பரிந்துரைத்திருக்கிறது என்றும் உங்கள் மகன் விளக்கினார். பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். கோபமென்று நினைத்தேன். பூண்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்து, பிள்ளைமேல் சிந்தினாலும் சுடாதபடி ஆறவைத்து, எனக்கு ஊட்டினீர்கள். அன்றோடு சாம்பிராணிப் புகையும் நின்றது.

தினமும் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, இரவு பதினொன்றுவரை பிள்ளையைச் சுமந்த கணவருக்கு வீட்டிலேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மழைக்கு முன்பே எங்கள் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்த எதிர்வீட்டு மலாய் அக்காவுக்கு நன்றி. பார்க்க வந்து, பிள்ளையைத் தூக்காமலே திரும்பிய உறவினர்களுக்கும் நன்றி. ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். அவருக்குச் சளி பிடித்திருந்தது.

மேல்மாடி அங்கிள், வீட்டுப் புதுப்பிப்பு நடந்தபோது தினமும் பிற்பகல் இரண்டு முதல் நான்குவரை துளையிடுவதை நிறுத்தச் சொன்னீர்கள். நான் கேட்டது ஒரே ஒரு நாளுக்கு. இனி எப்போது வேண்டுமானாலும் துளையிடலாம். இவன் அதைவிடச் சத்தமாக அழுகிறான்.