டியூபைத் தள்ளும் முன்

அன்பு மகளே,

பச்சிளங்குழந்தைகளின் மூச்சுப்பாதை அறுவைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதே வேலையில் தலை நரைத்தவளாயிற்றே, புத்திமதி சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொறுத்துக்கொள்.

முதலில் காதைத் தீட்டு. மூச்சை இழுக்கும்போது மட்டும் கிரீச்சென்றால் கோளாறு பெரும்பாலும் குரல்வளையில், அல்லது அதற்கு மேலே. விடும்போது மட்டும் என்றால் நெஞ்சுக்குள் இருக்கும் குழாயில். இரண்டிலும் கேட்டால் அசையாத, இறுகிய குறுகலைத் தேடு. அழும்போது சிவந்து, அடங்கினால் நீலம்பாயும் குழந்தைக்கு மூக்கின் பின்வாசல் இரண்டும் அடைத்திருக்கிறதா பார். ஸ்கேனுக்கு அனுப்புவதற்குள் பாதி விடை கிடைத்துவிடும்.

என்னைப் பயமுறுத்தியவர்கள் முழுவளையக் குழந்தைகள்தான். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். இவர்களுக்கு முழு வட்டமாக மூடியிருக்கும். திணறலைப் பார்த்துப் பதறி, மூச்சுக்காகப் போடும் டியூபை ஆழமாகத் தள்ளத்தான் கை போகும். தள்ளாதே. 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூச்சுக்குழாயின் உட்சுவர் உரசலில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே காற்று போகும் பரப்பு கால்பங்காகிவிடும். இவர்களுடையது அதைவிடக் குறுகல். டியூப் போட்டே ஆகவேண்டுமென்றால், முனை குறுகலுக்கு மேலேயே நிற்கட்டும். உள்ளே பார்க்கும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப்பும் அப்படித்தான்: இருப்பதிலேயே மெல்லியது, முடிந்தவரை குழந்தை தானே மூச்சுவிட்டபடி.

அறுவை முறை எனக்கு இன்றும் வியப்புத்தான். முன்பெல்லாம் விலாக் குருத்தெலும்பையோ இதய உறையையோ வைத்து ஒட்டுப்போட்டார்கள். 1989-இல் லண்டனிலிருந்து ட்சாங், கோல்ட்ஸ்ட்ரா என்ற டாக்டர்களின் குழுவினர் ஸ்லைடு டிரக்கியோபிளாஸ்டி என்ற, மூச்சுக்குழாயைச் சறுக்கித் தைக்கும் முறையைப் பற்றி எழுதினார்கள். குறுகலின் நடுவே குறுக்காக வெட்டி, ஒரு துண்டின் முன்பக்கத்தையும் மற்றதன் பின்பக்கத்தையும் நீளவாக்கில் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்றைச் சறுக்கித் தைக்க வேண்டும். அந்தப் பகுதியின் நீளம் பாதியாகும், சுற்றளவு இரட்டிக்கும், பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். தாளில் வரைந்து பார், உனக்குக் கணக்கு பிடிக்குமே.

வெட்டும் முன் எக்கோவும் (இதய ஸ்கேன்) சி.டி. ஸ்கேனும் கேள். இவர்களில் பலருக்கு இடது நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி மூச்சுக்குழாயின் பின்னால் சுற்றிக்கொண்டு போகும். இரண்டையும் ஒரே அறுவையில் சரிசெய்வது வழக்கம். லேசான குறுகலோடு நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தையை அறுக்காமல் கண்காணிக்கலாம். அந்த முடிவை மட்டும் தனியே எடுக்காதே. மயக்க மருந்து டாக்டரையும் இதய அறுவை டாக்டரையும் உட்காரவைத்துப் பேசு.

அம்மா