பூனை மேடைகள் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். 'கேட் ட்ரீ' என்ற பெயரில் தமிழ்நாட்டுக் கடைகளிலும் இணையத்திலும் நீங்கள் விற்கும் ஏறுமேடைகள், பிறாண்டும் தூண்கள், சன்னல் படுக்கைகள் ஆகியவற்றைக் குறித்து இம்மடலை எழுதுகிறேன். நிறத்தையும் அடுக்குகளின் எண்ணிக்கையையும் சொல்வதோடு நிறுத்திவிடாமல், ஒரு பூனை அதில் ஏறுமா, ஏறினால் அது சாயாமல் நிற்குமா என்பதை வாங்குபவர் முடிவுசெய்யத் தேவையான அளவுகளைப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பூனைக்கு உயரம் ஆடம்பரம் அன்று. சிறியவற்றை வேட்டையாடியும் பெரியவற்றுக்கு இரையாகாமல் தப்பியும் வாழ்ந்த விலங்கு என்பதால், எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய, ஆனால் எளிதில் எவரும் எட்ட முடியாத இடத்தை அது தேடுகிறது. அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவக் கழகமும் 2013-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டுப் பூனையின் தேவைகளுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது பாதுகாப்பான ஒதுங்கிடம்தான். அடுக்ககத்தின் நான்காவது மாடியில், வெளியே விடாமல் வளர்க்கப்படும் பூனைக்கு மதிலும் ஓட்டுக்கூரையும் வேப்பங்கிளையும் இல்லை. உங்கள் மேடைதான் அவையெல்லாம்.

அந்த மேடை ஆடக்கூடாது. வளர்ந்த நாட்டுப் பூனை பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ எடை இருக்கும். மெய்ன் கூன் இனத்து ஆண் பூனை 8 கிலோவையும் தொடும். 'தாங்கும் எடை 10 கிலோ' என்று நீங்கள் அச்சிடுவது, அசையாமல் படுத்திருக்கும் பூனைக்குப் பொருந்தலாம். ஓடிவந்து பக்கவாட்டில் தாவி மேல்தட்டைப் பற்றும் பூனை தூணைச் சாய்க்கும் விதத்தில் தள்ளுகிறது என்பதால், அங்கே காப்பாற்றுவது தட்டின் வலிமை அன்று, அடிப்பலகையின் அகலமும் கனமும்தான். ஒருமுறை ஆடி அச்சுறுத்திய மேடையைப் பூனை மறுபடி நம்புவது அரிது. எனவே அடிப்பலகையின் நீள அகலத்தையும், மொத்த எடையையும், சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை பெட்டிக்குள் உள்ளதா என்பதையும் தெரிவியுங்கள். அளவு முக்கியமான பொருளுக்கு அதன் பரிமாணங்களைப் பொதியின் மேல் குறிப்பிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளும் சொல்கின்றன.

பிறாண்டும் தூணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பூனை பிறாண்டுவது நகத்தின் பழைய உறையைக் கழற்றுவதற்கு மட்டுமன்று. முதுகையும் தோளையும் முழுவதுமாக நீட்டிக்கொள்வதற்கும், பாதங்களிலுள்ள சுரப்பிகளின் மணத்தை அவ்விடத்தில் பதிப்பதற்கும்தான். பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை மேலே எட்டிப் போடும் வளர்ந்த பூனைக்கு ஏறத்தாழ 80 முதல் 90 செ.மீ. உயரமான தூண் வேண்டும். 40 செ.மீ. தூண் குட்டிக்குப் போதும். குட்டி வளர்ந்ததும் அது சோபாவின் பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது, வீட்டார் பூனையைத் திட்டுகிறார்கள். 'மொத்த உயரம் 150 செ.மீ.' என்ற அறிவிப்பால் இது தீராது, ஏனெனில் தூணை இடையிடையே தட்டுகள் வெட்டுகின்றன. இடையில் தட்டு குறுக்கிடாத மிக நீண்ட தூணின் உயரம் எவ்வளவு என்று தனியாக எழுதுங்கள். தூணில் சுற்றிய கயிறு சிசல் கற்றாழை நாரா, தென்னை நாரா, சணலா என்பதையும் சேர்த்து எழுதி, தேய்ந்தபின் சுற்றுவதற்கு மாற்றுக் கயிற்றைத் தனியே விற்பனைக்கு வையுங்கள். கயிறு பிய்ந்துபோனதற்காக முழு மேடையையும் தூக்கி எறிய வைப்பது நியாயமன்று.

அடுத்து, நம் வீடுகள். இங்கே தரையைத் தண்ணீர்விட்டுத் துடைக்கிறோம். மரத்தூள் பலகையால் செய்த அடிப்பகுதி அந்த ஈரத்தில் உப்பிப் பிளவுபடுகிறது, திருகுகள் தளர்கின்றன. ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தி, ஐ.எஸ். 303 (பொதுப் பயன்பாட்டு ஒட்டுப்பலகை) அல்லது ஐ.எஸ். 710 (நீர் தாங்கும் கப்பல்தர ஒட்டுப்பலகை) என இந்தியத் தரக்குறியீட்டைக் காட்டுங்கள். பலகை தரையில் படியாதபடி ரப்பர் கால்களும் வையுங்கள். கத்திரி வெயிலில் தரை ஓட்டின்மேல் நீட்டிப் படுக்கும் பூனைக்கு, எல்லாத் தட்டுகளையும் கழற்றித் துவைக்க முடியாத செயற்கை ரோமத்தால் ஒட்டி மூடுவது என்ன உதவி? ஒரு தட்டையாவது வெறும் மரமாக விட்டு, மற்றவற்றுக்குப் பருத்தி உறை கொடுங்கள்.

கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் சன்னல் படுக்கைகள் உட்பக்கம் இரும்புக் கம்பி போட்ட சன்னல்களில் பொருந்துவதில்லை. கம்பியில் கொக்கியிட்டு மாட்டும் வகையை நம் ஊர்ப் பட்டறைகளிலேயே செய்யலாம். இவை எல்லாவற்றையும்விட என்னை அஞ்சவைப்பது மின்விசிறி. ஆறடி மேடையின் உச்சியிலிருந்து மேல்நோக்கித் தாவும் பூனைக்குக் கூரை விசிறியின் இறக்கை எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. விசிறிக்கு அடியிலோ அருகிலோ மேடையை வைக்கக்கூடாது என்ற எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். நூலில் தொங்கும் பொம்மைகளையும் விட்டுவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுக்கும், அதற்கு அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

முதிய பூனைகளையும் நினையுங்கள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து, அவற்றுள் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்ததைக் கண்டது. அவற்றுக்கு உயரத்தின்மேல் உள்ள விருப்பம் குறையவில்லை, தாவும் வலுதான் குறைந்திருக்கிறது. தட்டுக்குத் தட்டு 25 செ.மீ. இடைவெளிக்கு மேல் போகாத, சரிவுப்பலகை வைத்த ஒரு தாழ்ந்த மேடையை உங்கள் வரிசையில் சேருங்கள்.

கடை நடத்துவோரிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பெட்டிகளை மட்டும் அடுக்கி வைக்காமல், ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது முழுவதும் பொருத்தி நிறுத்திவையுங்கள். வாங்க வருபவர் மேல்தட்டைக் கையால் தள்ளிப் பார்க்கட்டும், அதைத் தடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பூனை வளர்க்கும் ஒரு வாடிக்கையாளர்,
சென்னை