28-0 ஆனதும் நீ தூங்கப் போய்விட்டாயே

அன்புக் கண்ணா,

நலமாக இருக்கிறாயா? அப்பாவும் நானும் ரெண்டாவது தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம். கவலைப்படாதே.

பிரீமியர்ஷிப் ரக்பியில் உன் ஹார்லிக்வின்ஸ் பிரிஸ்டலோடு ஆடிய அரையிறுதியில், நம்மவர்கள் 28-0 என்று பின்தங்கியதுமே டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டதாகச் சொன்னாய். மறுநாள் ஸ்கோரைப் பார்த்து நம்பவே முடியவில்லை என்றாய். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

காற்று இந்தப் பக்கம் அடித்தால் நம் தோட்டம் வரைக்கும் ஹார்லிக்வின்ஸின் ஸ்டூப் மைதானத்தின் சத்தம் கேட்குமே, ஞாபகமிருக்கிறதா? இந்த சீசன் 2020 நவம்பரில் ஆரம்பித்தது. கொரோனாவால் ஏறக்குறைய முழுக்கவே காலி மைதானம். சனிக்கிழமை வந்தால் நம் விட்டன் பகுதியே ஊமையாகக் கிடக்கும். ஆஸ்திரேலியா எல்லையை மூடியதிலிருந்து உன்னாலும் வர முடியவில்லை. உன் ஹார்லிக்வின்ஸ் ஆடுவதையாவது பார்ப்போம் என்று உட்கார ஆரம்பித்தேன். ரக்பியில் எனக்கு அதுவரை ஒன்றும் புரியாது. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது டிரை, அதற்கு அஞ்சு புள்ளி, அதன் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ரெண்டு, அவ்வளவுதான் முதல் மாதம் கற்றுக்கொண்டது.

ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் பால் கஸ்டார்ட் விலகினார். சீசன் நடுவில் இப்படி ஆயிற்றே என்று பயந்தேன். அவர் இடத்துக்கு வேறு யாரையும் கொண்டுவரவில்லை. பில்லி மில்லார்டு, நிக் எவன்ஸ், ஜெர்ரி ஃபிளானரி, ஆடம் ஜோன்ஸ் என்று இருந்தவர்களே வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்புறம் ஆட்டமே மாறிப்போனது. சொந்தக் கோட்டுப் பக்கத்திலிருந்தே பந்தை உதைக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்கள் மூச்சு வாங்குவதற்குள் டேனி கேர் பந்தைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். 34 வயதில்! சின்னப் பையனாக நீ கத்திக் கத்திப் பார்த்த ஆட்டம் இதுதானே என்று அப்பா சொன்னார்.

சரி, அரையிறுதிக்கு வருகிறேன். பிரிஸ்டல் புள்ளிப் பட்டியலில் முதலிடம், நம்மவர்கள் நாலாவது. அதுவும் அவர்கள் ஊரில், ஆஷ்டன் கேட்டில். முதல் பாதியிலேயே 28-0. நீ படுத்ததில் தப்பே இல்லை. அப்பாவும் டீ போட எழுந்து போய்விட்டார். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. நமக்காகக் கம்பத்துக்கு உதைக்கும் மார்கஸ் ஸ்மித்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பையனிடம் பதற்றமே தெரியவில்லை. 28ஐ எட்டிப்பிடிக்க நாலு டிரை வேண்டும், நாலையும் குறி தவறாமல் உதைக்கவும் வேண்டும். அதற்காக அவர்கள் ஆட்டத்தை மாற்றவில்லை. அதே ஓட்டம், அதே பாஸ். ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. அப்பா டீயை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தார். 80 நிமிடம் முடிந்தபோது 36-36. கூடுதல் நேரத்தில் ஜோ மார்ச்சன்ட் டிரை வைத்தார். 43-36. நான் அழுதுவிட்டேன் கண்ணா. உன்னை எழுப்ப போனைக் கையில் எடுத்தேன், மணியைப் பார்த்து வைத்துவிட்டேன். இப்போதும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை, 2021 ஜூன் 26, எக்ஸிடரோடு இறுதிப்போட்டி. அது டிவிக்கென்ஹாமில், ஸ்டூப்புக்கு எதிரே சாலையைத் தாண்டினால் வந்துவிடும். 82,000 பேர் உட்காரும் இடத்தில் 10,000 பேரைத்தான் விட்டார்கள். நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்தோம். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது வெளியே பெரிய ஆரவாரம். டிவியில் பந்து இன்னும் நடுவில்தான் இருந்தது. நமக்குப் படம் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். அடுத்த சில நொடிகளில் நம் லூயி லைனா கோட்டைத் தாண்டி விழுந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவரே! ரெண்டு டிரையையும் காதால்தான் முதலில் பார்த்தேன். எக்ஸிடரும் விடவில்லை, ரெண்டே புள்ளி வரை நெருங்கினார்கள். 40-38, கோப்பை நமக்குத்தான்.

இந்த லூயியின் அப்பா மைக்கேல் லைனா, 1991-ல் உலகக் கோப்பை வென்ற ஆஸ்திரேலிய அணியில் ஆடியவர். பிறந்தது நீ இருக்கும் பிரிஸ்பேனில்தான். அங்கே யாராவது பெருமையாகப் பேசினால் பையன் எங்கள் தெருப்பக்கம் ஆடுகிறான் என்று சொல்.

ஒரே ஒரு வருத்தம், நம் மைக் பிரவுன். 2012 இறுதிப்போட்டியில் லெஸ்டரை 30-23 என்று ஜெயித்தபோது நீ அவர் பெயரைச் சொல்லித்தான் வீடு முழுக்க ஓடினாய். இந்த முறை வாஸ்ப்ஸ் வீரரை மிதித்ததற்குத் தடை விதித்துவிட்டார்கள். தப்புதான், தண்டனையும் நியாயம்தான். ஆனாலும் 16 வருஷம் ஆடிய கிளப்பிலிருந்து நியூகாசிலுக்குப் போகும்போது, கடைசி ஆட்டத்தில் களத்தில் நிற்க முடியவில்லையே அந்தப் பிள்ளைக்கு.

மார்கஸ் ஸ்மித்தை இப்போது லயன்ஸ் அணிக்கு, அதாவது பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் அணிக்கு, அழைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்காகக் கனடாவோடு டிவிக்கென்ஹாமில் ஆடிவிட்டு வெளியே வரும்போதுதான் அவருக்கே விஷயம் தெரிந்ததாம்.

அரையிறுதியை முழுதாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். எங்கேயாவது கிடைத்தால் நீ தனியாகப் பார்த்துவிடாதே. உனக்கு லீவு இருக்கும் நாளாகச் சொல், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போடலாம். 28-0 வந்ததும் நான் போன் செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா